மதகு திறந்திருந்த காலை

மகனே,

இந்தக் காகிதத்தை உன் அம்மா சோற்றுத் தூக்கோடு சேர்த்துக் கொண்டுவருவாள். முதலில் சாப்பிடு, பிறகு படி. வெறும் வயிற்றில் படித்தால் கோபம் இரட்டிப்பாகும். அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. நீ அம்பத்தூரில் உன் சிநேகிதன் வீட்டில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வியாழக்கிழமை ரயிலுக்காகக் காத்திருக்கிறாய். நான் அயனம்பாக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நடந்தே வந்துவிடலாம். ஆனால் நேரில் வந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டேன். வாதம் செய்து, ஜெயித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கடையில் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்து, தாசில்தாருக்கு மனு எழுதி எழுதியே எழுதக் கற்றவன். இதுவும் மனுவைப்போல இருந்தால் பொறுத்துக்கொள். இதில் நான் எதையும் கேட்டு எழுதவில்லை, கடைசியில் ஒன்றைத் தவிர.

அன்றைக்கு நீ ஏரோப்ளேன் ஓட்டக் கற்றுக்கொள்ள லாகூருக்குப் போகிறேன், சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள், உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னபோது நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். நீ பின்னாலேயே வந்து கேட்டாய்: "சரி நைனா, சண்ட போடு. ஒண்ணு மட்டும் சொல்லு. நான் எங்கனா வுழுந்துட்டா, நீ வருவியா மாட்டியா?" நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "வழி தெரியாம மேல போறவனுக்கு நான் இன்னாத்துக்குத் தண்ணியில எறங்கணும்? ஆகாசதுரை கதி மறந்துபோச்சா?" அதற்கு நீ சிரித்தாய். "அவரு யோசிக்காம போனாரு, செத்தாரு. நான் யோசிச்சிப் போறேன், சாவமாட்டேன். நீ சொல்லிக்குடுத்ததுதான நைனா" என்றாய். அத்துடன் நீ வீட்டைவிட்டுப் போய்விட்டாய். உன் சொல்லில் தப்பே இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ திருப்பிச் சொன்னாய். நீ சிறுபிள்ளையாக இருந்த நாளிலிருந்து நீ மரத்தில் ஏறினாலும், கிணற்றில் குதித்தாலும், பரீட்சைக்குப் படிக்காமல் சுற்றினாலும் ஆகாசதுரையின் சாவைத்தான் எடுத்து உன்முன் வைப்பேன். அது பாதிப் பொய். அந்தப் பாதிப் பொய்யை நம்பி நீ ஆகாசத்தில் ஏறப்போகிறாய் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

அவர் முதலில் வந்தது உனக்கு நினைவிருக்கும். உனக்கு எட்டு வயது. மார்கழி மாசம், பனி விலகாத காலை. நம் தெற்குக் கழனியில் சம்பா தலைசாய்ந்து நின்றது. வானத்தில் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் ஏரோப்ளேன் வரப்பை உரசிக்கொண்டு நெல்லுக்குள் இறங்கி, கழனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாய் விரித்ததுபோலப் பயிரைப் படுக்கவைத்துவிட்டு நின்றது. உள்ளேயிருந்து கண்ணாடியும் தோல் குல்லாயும் போட்ட வாலிபர் ஒருவர் குதித்தார். வெள்ளைக்காரர் என்று பார்த்தால் நம்மவர். பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை, பரங்கிமலைப் பக்கத்து மைதானத்தில் ஏரோப்ளேன் கற்றுக்கொள்கிறவர். "ஐயா, இது எந்த ஊர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான், "எறங்கறதுக்கு முன்னாடி கேக்கவேண்டியத எறங்கினப்புறம் கேக்கறியே நைனா" என்றேன். கூடியிருந்த சனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். எவ்வளவு இருந்தது என்று பார்க்காமலே கிளம்பிவிட்டாராம். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். "வழி எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "ஏரிகள்தான் ஐயா வழி. செம்பரம்பாக்கம் ஒரு மாதிரி இருக்கும், போரூர் ஒரு மாதிரி இருக்கும், உங்க ஏரி ஒரு மாதிரி. மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உருவமும் எனக்கு மனப்பாடம்" என்றார்.

மார்கழியில் நிரம்பி நிற்கிற ஏரி பங்குனியில் அந்த உருவத்தில் இருக்காது என்பது இந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். சொல்லியிருக்கலாம். என் நெல் கிடந்த கிடப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் வரவில்லை. உன் முனுசாமி மாமாதான் ஊர் மாடுகளைச் சேர்த்து, கயிறு கட்டி, அந்தப் பெரிய தட்டானை மேட்டுக்கு இழுத்துவிட்டான். "ஏய், வாலப் புடிச்சி இழுக்காதீங்கடா, பிஞ்சி வந்துடப்போவுது, அப்புறம் நம்ம மாட்டு மேல உக்காந்து பறக்கணும்ன்னுவாரு தொர" என்று அவன் கத்தியதும் சனங்கள் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கிறது. ஆகாசதுரை என்கிற பேரும் அன்றைக்கு அவன் வைத்ததுதான். மறுநாள் பெட்ரோல் வரும்வரை அவர் நம் ஊரிலேயே இருந்தார். உன்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டார். நீ இறங்கமாட்டேன் என்று அழுது புரண்டாய். அப்புறம் மேட்டிலிருந்து எழும்பி, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நெல்லைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதுதான் எனக்குள் நின்றது. எனக்கு நஷ்டஈடு வேண்டியிருக்கவில்லை. இதை ஊரே நம்பாது, நீயாவது நம்பு. அவர் நம் ஊருக்கு வந்து, நாலு பேர் முன்னால் நின்று, "தப்புத்தான்" என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. வண்டி கட்டிக்கொண்டு அந்த மைதானத்துக்கே போனேன். வாசலில் நின்ற காவல்காரன் என் மனுவை வாங்கிப் பார்த்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பதுபோல நடித்து, "மழகூடத்தான் ஆகாசத்துலேர்ந்து வுழுந்து பயிர அழிக்குது. அதுக்கு யார்கிட்டப்பா மனு குடுப்பே?" என்று கேட்டான். உள்ளே யாரோ சிரித்தார்கள். அது அவரா, வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. நான் அவர் என்றே எடுத்துக்கொண்டேன்.

நம் ஏரியின் முறை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன், நீ கழனியில் நின்றதைவிடப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது அதிகம். கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண், அவற்றின் தலைமேல் ஒரு குறுக்குக் கல், அதில் ஓட்டை, ஓட்டை வழியாக இறங்கும் கம்பு, கம்பின் நுனியில் மரக்கட்டை. அடியில் கல்லில் இருக்கும் துளையை அந்தக் கட்டை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பைத் தூக்கினால் துளை திறந்து தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். அதுதான் மதகு. கோடையில் தண்ணீர் குறைந்தபின் குடும்பத்துக்கு ஒரு முறை. உன் முறை வந்தால் உன் வீட்டு ஆள் போய்க் கம்பைத் தூக்கலாம். ஆனால் ஒருதடவை கீழே இறக்கிவிட்டால் முறை முடிந்தது. அடுத்த வீட்டுக்காரன் வந்து தூக்குவான். பாதியில் மூடினேன், மறுபடி திறக்கிறேன் என்கிற பேச்சுக்கே இடமில்லை. அப்படி இடம் கொடுத்தால் திருட்டும் தகராறும் வரும் என்று நம் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றும் சொல்வேன்.

அது பங்குனி. சம்பாவுக்குப் பின் போட்ட நவரை நெல் கதிர் வாங்கி நின்றது. சம்பாவில் பாதி போய்விட்ட வருஷம், நவரையும் போனால் நம் வீட்டில் அந்த ஆடிவரை அடுப்பு எரிவது சந்தேகம். அன்று விடிகாலை நம் முறை, நமக்கு அதுதான் கடைசித் தண்ணீர். கிழக்கு வெளுக்கும்போதே நான் போய்க் கம்பைத் தூக்கிவிட்டுக் குறுக்குக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு. வேறு யாரும் இல்லை. எதிர்க்கரையில் முனுசாமி மட்டும் வாழைத்தோட்டத்துக்கு வந்திருந்தான்.

மேற்கே, அதே தடதட சத்தம். விக்கி விக்கி வந்தது. பிறகு நின்றுபோனது. சத்தமில்லாத ஏரோப்ளேன் வருவதைப் பார்ப்பது பயங்கரம், மகனே. அது ஏரிக்குமேல் தாழ்ந்து, தண்ணீரை அடித்து, ஒருமுறை புரண்டு, நடு ஏரியில் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. அவர்தான். வெளியே ஊர்ந்து வந்து இறக்கைமேல் நின்றார். இறக்கைக்குச் சற்றுக் கீழே தண்ணீர். பிறகு மைதானத்து ஆட்கள் விசாரித்து ஊகித்த சங்கதி: விடியுமுன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார், அரக்கோணம்வரை போய்த் திரும்பியிருக்கிறார், ஏரிகளைத் தேடியிருக்கிறார். மேலேயிருந்து பார்த்த ஒரு ஏரியும் அவர் மனப்பாடம் செய்த உருவத்தில் இல்லை. எல்லாம் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. நம் ஏரியைப் போரூர் ஏரி என்று நினைத்து, இதோ மைதானம் வந்துவிட்டது என்று சுற்றிச் சுற்றித் தேடி, பெட்ரோலைத் தீர்த்துவிட்டார். அவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை, ஏனென்றால் அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் நான் இன்றும் குற்றமென்றே சொல்கிறேன். இதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி வாங்கமாட்டேன்.

முனுசாமி எதிர்க்கரையிலிருந்து பார்த்துவிட்டான். அவன் கையில் அரிவாள் இருந்தது. வாழையை வெட்டி, தண்டுகளைத் தெப்பமாகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தான். கட்டிக்கொண்டே கத்தினான்: "சாரே! அங்கியே குந்திக்கினு இரு! தண்ணியில எறங்காத, கீழ சேறு! நான் வந்துக்கினே கீறேன்!" அவர் கையைத் தூக்கிக் காட்டினார். இறக்கைமேல் உட்கார்ந்தும்விட்டார். அந்த ஏரோப்ளேன் அதற்குமேல் முழுகவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு ஆட்கள் வந்து இழுக்கும்வரை அப்படியே நின்றது. அவர் உட்கார்ந்தே இருந்திருந்தால், முனுசாமி போய் அழைத்துக்கொண்டு வந்திருப்பான். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

இனிமேல் எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது.

நான் குறுக்குக் கல்லின்மேல் எழுந்து நின்றேன். "யோவ்! ஆகாசதொர! என்ன யாருன்னு தெரியுதா?" என்று கத்தினேன். அவர் கண்மேல் கை வைத்துப் பார்த்தார். "நெல்லுக்காரரா?" என்றார். நெல்லுக்காரர்! ஆக, அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது; நினைவிருந்தும் வரவில்லை. எனக்கு உச்சந்தலையில் ஏறிற்று. "மார்கழியிலேர்ந்து உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தைக்குக் காத்துக்கினு கீறேன்! என் பயிருக்கு இன்னா பதிலு? இப்ப மட்டும் ஊர்க்காரன் வேணுமா உனக்கு?" முனுசாமி அங்கிருந்து, "மாமா! இன்னா மாமா நேரங்கெட்ட நேரத்துல வழக்கு! வுடு!" என்றான். "நீ வாயமூடுடா! தானா வந்து வுழுந்தவனுக்கு வாழத்தண்டு ஒரு கேடா!" என்றேன். பிறகு அவரைப் பார்த்து, "ஆம்பளயா இருந்தா இங்க வா! எதுத்தாப்புல நின்னு சொல்லு!" என்று கூப்பிட்டேன்.

நான்தான் கூப்பிட்டேன், மகனே.

அவர் எழுந்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது. "வர்றேன் ஐயா! இங்கேயிருந்து கத்திச் சொன்னா மரியாதையா இருக்காது!" என்று சொல்லிவிட்டு பூட்ஸைக் கழற்றி இறக்கைமேல் ஜோடியாக வைத்தார். தண்ணீரில் குதித்து என்னைப் பார்த்து நீந்த ஆரம்பித்தார். முனுசாமி, "மாமா, மதகு! மதக மூடு!" என்று அலறினான். என் கை கம்பின்மேல்தான் இருந்தது. திறந்த மதகருகே யாரும் நீந்தக்கூடாது என்று உன்னை நான் எத்தனைமுறை அடித்திருப்பேன்? எனக்குத் தெரியாதா? கம்பை அழுத்தினால் போதும். அழுத்தினால் முறை முடிந்தது, கடைசித் தண்ணீர் போயிற்று, அந்த மனுஷரால் இரண்டாவது போகமும் போயிற்று. அவர் நீந்தி வருகிற நேரம் முழுக்க நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வந்து தூணைப் பிடித்துக்கொண்டதும் கையைக் கொடுத்துத் தூக்கிவிடலாம், அதற்குள் ஒன்றும் ஆகாது, தண்ணீரும் ஓடட்டும் என்று. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன். முடியவில்லை. மறக்கவில்லை.

அவர் வந்து தூணைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. அண்ணாந்து பார்த்து, "தப்புத்தான் ஐயா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க நெல்லை நினைச்சா வெட்கமா இருந்தது, அதான் வரலை" என்றார். பிறகு, "உங்க பையன் நல்லா இருக்கானா? இறங்கமாட்டேன்னு அழுதானே" என்றார். நான் கையை நீட்டினேன். சத்தியமாக நீட்டினேன். அவர் ஒரு கையை எடுத்து என் கையைப் பிடிக்க வந்தார், காலை ஊன்ற அடியில் கல்லைத் தேடினார் போலிருக்கிறது. முகம் மாறியது. துளை அவர் காலைப் பிடித்துக்கொண்டது. ஒரே இழுப்பு. அப்போதுதான் நான் கம்பை அழுத்தினேன். அது இறங்கவில்லை. கீழே அவர் கால் இருந்தது. நானும் குதித்தேன், முனுசாமி தண்டைவிட்டு நீந்தி வந்து குதித்தான். ஏரித்தண்ணீர் முழுவதும் அந்தக் கால்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. விடுவித்து மேலே கொண்டுவந்தபோது அவர் இல்லை.

பூந்தமல்லியிலிருந்து போலீஸ் வந்தது. மைதானத்து ஆட்கள் காரில் வந்தார்கள். யாரிடம் சொல்லிவிட்டுப் போனார், யாரிடமும் இல்லை. பெட்ரோல் பார்த்தாரா, இல்லை. வழி காட்டும் தேசப்படம் வைத்திருந்தாரா, இல்லை. கேள்வி எல்லாம் அவரைப்பற்றியே இருந்தது. என்னைக் கேட்டபோது, "குதிச்சாருங்க, மதகுகிட்ட வந்து மாட்டிக்கினாருங்க" என்றேன். அதில் எந்தச் சொல் பொய்? அவர் குற்றம் அவ்வளவு பெரியதாக, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி அங்கே நின்றது. என்னுடையது அதன் மறைவில் வசதியாகப் படுத்துக்கொண்டது. அதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன். "பாவம், கண்ணெதிரே சாவப் பாத்தவன், பாதி முறையில நின்னுபோச்சி" என்று அடுத்த வீட்டுக்காரர் இரக்கப்பட்டுத் தம் முறையையும் எனக்கே விட்டுக்கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அந்த வருஷம் நவரை நம் கழனியில் விளைந்ததுபோல ஊரில் எங்கும் விளையவில்லை. உன் அம்மா அந்த நெல்லை நம் உலையில் போடவேயில்லை. மூட்டை மூட்டையாக மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கடன் அரிசி வாங்கிப் பொங்கினாள்.

அவருடைய தாயார் பிறகு ஒருநாள் வந்தார்கள். கரையில் நின்று ஏரியைப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "கடைசியா நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாம். என் பிள்ளை ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார்கள். நான், "ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். தப்புத்தான் என்று சொன்னார், ஒரு குடியானவன் பிள்ளையை நினைத்து விசாரித்தார் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள். சொன்னால், அவர் ஏன் உம்மிடம் வந்து சொன்னார் என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து அவர் பேச்சையும் சேர்த்து மூழ்கடித்தேன். போன வருஷம் பட்டணத்தில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். கைமாறிவிட்டது. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

முனுசாமி மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்பாய். வரப்புத் தகராறு என்பேன். தகராறு எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் ஈரத்துணியோடு வந்து, "மூடியிருக்கலாமில்ல மாமா?" என்றான். "என் முறைடா" என்றேன். அவன் தன் அக்காளுக்காக, உன் அம்மாவுக்காக, வாயை மூடிக்கொண்டு, மாங்காட்டில் பூந்தோட்டம் குத்தகைக்கு எடுத்துப் போய்விட்டான். நீ போனதற்கு மறுநாள் அவனைத் தேடிப் போனேன். மல்லிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்தே?"

"பையன் ஏரோப்ளேன் ஓட்டப் போறான்."

"தெரியும். இங்க வந்து சொல்ட்டுத்தான் பூட்டான். எங்கெங்க எறங்குவேன், எந்த ஊர் வழியா ரயிலு போவுது, எல்லாம் சொன்னான். புத்தி கீது புள்ளைக்கி. உன்ன மாரி இல்ல."

"நீ அவன்கிட்ட எதனா சொன்னியா?"

"நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? உன் வாயில கீறது நாக்குதான?" குடத்தை வைத்தான். "வியாழக்கெழம டேசனுக்கு வரணுமாம் நானு. கூப்ட்டான். வரேன்னேன். ஆனா உன் பக்கத்துல நின்னுக்கினு கைய ஆட்டமாட்டேன். அன்னிக்கி நடந்தது அவனுக்குத் தெரிஞ்சிருந்தா நிப்பேன்."

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. முனுசாமி சொன்னதற்காக மட்டும் எழுதவில்லை என்று சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ. நீ லாகூரில் யோசித்துத்தான் பறப்பாய், பெட்ரோல் பார்ப்பாய், படம் வைத்துக்கொள்வாய், யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவாய். செய். ஒன்றைக்கூட விடாதே, விட்டால் உன்னைத் திட்டுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இதையெல்லாம் செய்தவன் சாகமாட்டான் என்று நான் உன் தலையில் ஏற்றியதை இறக்கி வை. ஆகாசதுரை தம் தப்புகள் எல்லாவற்றையும் தாண்டி, உயிரோடு, இறக்கைமேல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் உயிர் கீழே நின்ற ஒரு மனுஷன் கையில் இருந்தது. அந்த மனுஷனுக்கு ஒரு கோபமும் ஒரு கழனியும் இருந்தன. நீ விழுகிற இடத்திலும் யாருக்காவது ஒரு கழனி இருக்கும். அவன் பயிரை அழித்தால் அன்றைக்கே போய்ச் சொல். வெட்கப்பட்டுக்கொண்டு ஒளியாதே. எப்போதாவது தண்ணீரில் விழுந்து இரண்டு கரையிலிருந்தும் குரல் கேட்டால், உன்னை இருக்கிற இடத்திலேயே இருக்கச் சொல்கிறவன் பேச்சைக் கேள். பக்கத்தில் வா, வந்து பதில் சொல் என்கிறவன் நியாயமே பேசினாலும் அவனிடம் போகாதே. நான் பேசியது நியாயம்தான்.

விழுந்தால் வருவாயா என்று கேட்டாய். நான் கிழவன், லாகூர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. நீ விழுகிற இடத்தில் நான் இருக்கமாட்டேன். ஆனாலும் பதில் சொல்லவேண்டியது என் கடமை: வருவேன். உன் தப்பாக இருந்தாலும் வருவேன். முதலில் கரையில் தூக்கிப்போட்டு, பிறகுதான் திட்டுவேன்.

இதைப் படித்தபின் உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம். ஒரே ஒன்றைக் கேட்டு எழுதுவதாகச் சொன்னேனே, அது இதுதான். வியாழக்கிழமை நான் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வரலாமா என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றால் வரவில்லை, கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். வரலாம் என்றால், நீ கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டு வராதே. உன் வண்டி எங்கே நிற்கும் என்று மட்டும் சொல். நான் நடந்து வருகிறேன்.

உன் நைனா